சொந்தத் தொழில்: வேலையை விடுவதற்கு முன் போட வேண்டிய கணக்குகள்

லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடப்படும் தொழில்கள் நிறைய. கையில் ஆர்டர் இருக்கும், பில் போட்டிருக்கும், வருடக் கணக்கும் லாபம் காட்டும். ஆனால் ஒன்றாம் தேதி சம்பளம் போட வங்கியில் பணம் இருக்காது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குப்படி, புதிய நிறுவனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. ஐந்தாம் ஆண்டு முடிவில் சுமார் பாதிதான் மிஞ்சுகின்றன. இவை எல்லாமே மோசமான யோசனைகள் என்று சொல்லிவிட முடியாது. பல தொழில்களில் பணம் வரும் தேதியும் போகும் தேதியும் பொருந்தவே இல்லை, அதை யாரும் முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

கீழே வரும் எண்கள் எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும். படித்துக்கொண்டே உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் சம்பளத்தைச் சேர்க்காத கணக்கு பொய்க் கணக்கு

ஒரு பொருளை 500-க்கு விற்கிறீர்கள். மூலப்பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு என்று ஒவ்வொரு பொருளோடும் சேர்ந்தே ஏறும் செலவு 350. மிச்சம் 150. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவு, அதாவது வாடகை, மின்சாரம், இணையம், கணக்காளர், காப்பீடு எல்லாம் சேர்ந்து 40,000. இந்த 40,000-ஐ 150-ஆல் வகுத்தால் 267. மாதம் 25 வேலை நாள் என்றால் தினமும் 11 விற்றால் நஷ்டமில்லை என்று தாள் சொல்லும்.

இதை நம்பித்தான் பலர் வேலையை விடுகிறார்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் 30,000 வேண்டும் என்பது அந்தத் தாளில் இல்லை. அதைச் சேர்த்தால் 70,000. இப்போது மாதம் 467, தினமும் 19 விற்க வேண்டும். 11 விற்கும் தொழில் உங்கள் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கும் தொழில்.

அடுத்த கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: 19-ஐ யார் செய்வது? ஒன்றுக்கு 40 நிமிடம் ஆகிறதென்றால் தினமும் 12 மணி 40 நிமிடம் கை ஓயக்கூடாது. வாடிக்கையாளரைப் பார்க்க, பில் போட, பாக்கி கேட்க நேரமே இல்லை. சரி, 20,000 சம்பளத்தில் ஓர் ஆள் போடலாம் என்றால் மாதச் செலவு 90,000 ஆகிறது. இலக்கு 600-க்கு, அதாவது தினமும் 24-க்கு ஏறுகிறது. அதைச் செய்ய 16 மணி நேரம், ஆளுக்கு 8 மணி நேரம். ஆளை வைத்த பிறகும் விற்பதற்கு உங்களுக்கு நேரமில்லை. இந்தச் சுழலில் மாட்டியவர்கள் உழைப்பு போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்பார்கள். தவறு விலையில் இருக்கிறது.

விலை

அதே பொருளை 560-க்கு விற்றால் மிச்சம் 210. ஆள் இல்லாமல் 70,000 தேற மாதம் 334 போதும். தினமும் 14, வேலை நேரம் 9 மணி 20 நிமிடம். விலையை 12 சதவீதம் ஏற்றியதால் விற்க வேண்டிய எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்துவிட்டது. வாடிக்கையாளர்களில் சிலர் விலகினாலும் நிலைமை பழையதைவிட மேல்.

தள்ளுபடி இதையே தலைகீழாகச் செய்யும். 500-இல் 10 சதவீதம் குறைத்தால் போவது 50. ஆனால் உங்கள் மிச்சமே 150-தான், அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பழைய இடத்தில் நிற்கவே 50 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். மிச்சம் 20 சதவீதமே உள்ள தொழிலில் 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். புதிதாக வந்தவர் விலையைக் குறைத்துத்தான் உள்ளே நுழைய முடியும் என்பது பெரும்பாலும் பயத்தில் எடுக்கும் முடிவு. விலைக்காக வந்தவர், அடுத்தவன் 5 குறைத்தால் அங்கே போவார்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். 80-க்கு வாங்கி 100-க்கு விற்றால், வாங்கிய விலை மேல் லாபம் 25 சதவீதம், விற்ற விலை மேல் 20 சதவீதம். முதல் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு "25 இருக்கிறதே, 22 வரை குறைத்துக் கொடுக்கலாம்" என்று பேசினால் விற்கும் ஒவ்வொரு பொருளிலும் நஷ்டம்.

எவ்வளவு பணத்தோடு இறங்குவது

நான்கு தொகைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு முறை மட்டும் ஆகும் செலவு: கருவி, முன்பணம், பதிவு, உள்வேலை. சரக்கிலும் பாக்கியிலும் மாட்டிக்கொள்ளும் பணம், இது அடுத்த பகுதியில் வருகிறது. தொழிலை மூட நேர்ந்தால் ஆகும் செலவு, இது கடைசியில். நான்காவது, இலக்கை எட்டும் வரை மாதாமாதம் விழும் துண்டு. மற்ற மூன்றைவிட இதில்தான் கணக்கு அதிகம் தவறும்.

467 இலக்கு உள்ள தொழிலையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் 100 விற்று, பிறகு மாதத்துக்கு 60 கூடினால் ஏழு மாதம் துண்டு விழும். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 1,96,000. அதுவே மாதத்துக்கு 30 மட்டும் கூடினால் பதின்மூன்று மாதம் துண்டு, மொத்தம் ஏறத்தாழ 3,65,000. விலை 560 என்று வைத்து, வளர்ச்சி பழையபடி 60 என்றால் நான்கே மாதம், 1,21,000. உங்கள் தாளில் மிகவும் நம்ப முடியாத எண் இந்த வளர்ச்சி வேகம்தான். நீங்கள் நினைப்பதில் பாதியை வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் வேலையில் இருந்துகொண்டே மாலை நேரத்தில் தொடங்குங்கள். மெதுவாகத்தான் நகரும், ஆனால் நான்காவது தொகையில் பெரும்பகுதி மிச்சம். வேலை ஒப்பந்தத்தில் வெளித்தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள்.

பாராட்டும் பணமும்

"நல்ல யோசனை, கண்டிப்பாக வாங்குவேன்" என்று நண்பர்களும் உறவினர்களும் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, உங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிறார்கள். உங்களைத் தெரியாத 20 பேரிடம் பேசுங்கள், பொருளைப் பற்றிச் சொல்லாமல். இந்தச் சிக்கலை இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடைசியாக எப்போது வந்தது? அதற்கு எவ்வளவு செலவழித்தீர்கள்? "பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்" என்று பெரும்பாலானோர் சொன்னால் அங்கே சந்தை இல்லை. இதுவரை ஒன்றும் செலவழிக்காதவர் உங்களுக்காகத் திடீரென்று பணப்பையைத் திறக்க மாட்டார்.

பேசி முடித்த பிறகு முன்பணம் கேளுங்கள். சிறு தொகையானாலும் பரவாயில்லை. கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள்.

பணம் எங்கே மாட்டிக்கொள்கிறது

தினமும் 1,000-க்குச் சரக்கு வாங்கி 1,250-க்கு விற்கும் ஒரு தொழில். சரக்கு சராசரியாக 30 நாள் கிடங்கில் கிடக்கிறது. விற்ற பிறகு வாடிக்கையாளர் 45 நாளில் பணம் தருகிறார். சரக்கு கொடுத்தவருக்கு நீங்கள் 15 நாளில் கொடுத்துவிடுகிறீர்கள். 30-உடன் 45-ஐக் கூட்டி 15-ஐக் கழித்தால் 60. உங்கள் பணம் வெளியே போய்த் திரும்பி வர 60 நாள். நாளொன்றுக்கு 1,000 வீதம் 60,000 எப்போதும் வெளியிலேயே நிற்கும். தொழில் ஓடும் வரை அது கைக்குத் திரும்பாது.

இப்போது நல்ல செய்தி வருகிறது, விற்பனை இரட்டிப்பாகிறது. வெளியே நிற்க வேண்டிய பணம் 1,20,000 ஆகிறது. கூடுதல் 60,000 எங்கிருந்து வரும்? பழைய அளவில் மாதத்துக்கு வரும் மொத்த மிச்சம் 7,500. வாடகை, சம்பளம் எதையும் தொடாமல் எட்டு மாத மிச்சம் முழுவதையும் போட்டால்தான் அந்தத் தொகை சேரும். புதிய விற்பனையின் லாபமோ சரக்கு வாங்கிய நாளிலிருந்து 75 நாள் கழித்துத்தான் வரத் தொடங்கும். பெரிய ஆர்டர் கிடைத்ததும் நொடித்துப்போகும் தொழில்களின் கதை இந்தக் கணக்குதான்.

இந்த 60-ஐக் குறைக்க மூன்று இடங்களில் கை வைக்கலாம். சரக்கு கிடக்கும் நாளை 30-இலிருந்து 20 ஆக்கினால் 10,000 கைக்கு வரும். மெதுவாக நகரும் சரக்கை அடக்க விலைக்காவது தள்ளிவிட்டு, சிறு அளவில் அடிக்கடி வாங்குங்கள். மொத்தமாக வாங்கினால் 3 சதவீதம் குறைவு என்ற ஆசைதான் பெரும்பாலும் கிடங்கை நிரப்புகிறது. வாடிக்கையாளர் தவணையை 45-இலிருந்து 30 ஆக்கினால் 15,000. சரக்கு கொடுப்பவரிடம் 15-ஐ 25 ஆக நீட்டினால் இன்னும் 10,000. மூன்றும் நடந்தால் 60 நாள் 25 ஆகிவிடும். கடைசி வழியை ஆறு மாதம் ஒழுங்காகப் பணம் கொடுத்த பிறகு கேளுங்கள், கிடைக்கும். கேட்காமலே இழுத்தடித்தால் அடுத்த சரக்கு ரொக்கத்துக்குத்தான் வரும். கணினி தயாரிக்கும் டெல் நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் இந்த நாள் கணக்கைப் பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோனது: வாடிக்கையாளர் பணம் முதலில் வந்தது, உதிரிபாகக்காரருக்குப் பிறகு போனது. சிறிய தொழிலில் அதற்கு இணையான வழி முன்பணம். ஆர்டரோடு 50 சதவீதம், முடித்துக் கொடுக்கும்போது 50 சதவீதம் என்று பேசுங்கள். மூலப்பொருள் செலவாவது முன்பணத்தில் அடங்கியிருக்க வேண்டும்.

உடனே பணம் தந்தால் 2 சதவீதம் கழிவு என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கு. 30 நாளில் வர வேண்டியது 10-ஆம் நாளே வருகிறதென்றால், 20 நாளுக்காக 2 சதவீதம் கொடுக்கிறீர்கள். ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறத்தாழ 37 சதவீதம். வேறு எங்கும் அதைவிட மலிவாகப் பணம் கிடைக்காத நெருக்கடியில் மட்டும் செய்யுங்கள். இதே கழிவை உங்களுக்கு யாராவது கொடுத்தால், கையில் பணம் இருக்கும்போது விடாதீர்கள்.

பாக்கி வசூல்

வசூல் சரக்கு கொடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. எத்தனை நாளில் பணம், தாமதமானால் என்ன, யார் கையெழுத்திட்டால் சரக்கு பெற்றதாகப் பொருள் என்பதெல்லாம் ஒரு பக்கத் தாளில் இருக்க வேண்டும். சரக்கு போகும் அன்றே பில் போக வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுவோம் என்றால் சராசரியாக 15 நாள் நீங்களே தள்ளிப்போடுகிறீர்கள்.

பெரிய நிறுவனங்களில் பணம் தாமதமாவதற்கு அடிக்கடி காரணம் கெட்ட எண்ணம் அல்ல, பில்லில் உள்ள பிழை. ஆர்டர் எண் இல்லை, நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, வரி எண் தவறு. அந்த பில் ஒரு மேசையில் கிடக்கும், உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆர்டர் கொடுத்த அதிகாரியை விட்டுவிட்டு, கணக்குப் பிரிவில் பில் பார்ப்பவரின் பெயரையும் எண்ணையும் வாங்கி வையுங்கள். அனுப்பிய மூன்றாம் நாள் "பில் வந்துவிட்டதா, சரியாக இருக்கிறதா" என்று கேளுங்கள். தவணைக்கு ஐந்து நாள் முன்பு ஒரு நினைவூட்டல். தவணை தவறிய மறுநாள் ஒரு போன். 15 நாள் தாண்டினால் அடுத்த சரக்கு நிறுத்தம். இந்த நிறுத்தத்தைச் செய்ய மனம் வராதவர்கள்தான் 90 நாள் பாக்கியோடு நிற்பார்கள். பழைய பாக்கி வராமலே புதுச் சரக்கு கொடுத்துக்கொண்டே இருந்தால் பழையது வராது.

ஒருவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு: அந்தப் பணம் வராமலே போனாலும் அடுத்த மாதச் சம்பளம் போட முடிய வேண்டும். மொத்த விற்பனையில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டினால் உங்கள் விலையை அவர்தான் நிர்ணயிக்கிறார் என்று பொருள்.

13 வாரத் தாள்

ஒரு விரிதாள் திறந்து, 13 பத்திகள் போடுங்கள், வாரத்துக்கு ஒன்று. மேலே தொடக்க இருப்பு. அதன் கீழ் வரவு, வாடிக்கையாளர் பெயர் வாரியாக. பிறகு செலவு: சரக்கு, சம்பளம், வாடகை, கடன் தவணை, வரி, உங்கள் சம்பளம். கடைசியில் முடிவு இருப்பு. அதுவே அடுத்த வாரத் தொடக்கம்.

பில்லில் எழுதிய தவணைத் தேதியை வரவுக்கு எடுக்காதீர்கள். அந்த வாடிக்கையாளர் போன முறை உண்மையில் எத்தனை நாளில் கொடுத்தாரோ அதை எடுங்கள். இன்னும் கையெழுத்தாகாத ஆர்டருக்கு இந்தத் தாளில் இடமில்லை. ஒவ்வொரு திங்களும் போன வாரத்தின் உண்மை எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறேழு வாரத்தில் எங்கே உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும், பெரும்பாலும் வரவு தேதியில்தான்.

தொழிலை மூட ஒதுக்கிய பணத்தைச் சேர்க்காமல், முடிவு இருப்பு எந்த வாரத்திலாவது ஒரு மாத நிலைச் செலவுக்கு (விற்றாலும் விற்காவிட்டாலும் போகும் செலவு) கீழே போகிறதென்றால் அன்றே வேலை தொடங்க வேண்டும். பாக்கி விரட்டுவது, வாங்குவதை நிறுத்துவது, சரக்கு கொடுப்பவரிடம் முன்கூட்டியே தேதி மாற்றிக் கேட்பது, பிறகு வங்கி. எட்டு வாரம் முன்பு வங்கிக்குப் போனால் நீங்கள் திட்டமிடுபவர். மூன்று நாள் முன்பு போனால் கதவு திறக்காது.

கடன், வரி, கையெழுத்து

வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள (லிமிடெட்) நிறுவனமாகப் பதிவு செய்தால் வீடு தப்பிக்கும் என்று நம்புகிறவர்கள் கடன் பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். புதிய நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட ஜாமீன் கேட்பார்கள். அதில் கையெழுத்திட்ட பிறகு அந்தக் கடனைப் பொறுத்தவரை நிறுவனம் என்ற வேலி இல்லை. தொகைக்கு உச்சவரம்பு, இத்தனை ஆண்டு ஒழுங்காகக் கட்டினால் ஜாமீன் விலகும் என்ற நிபந்தனை இரண்டையும் கேளுங்கள்.

ஐந்து ஆண்டு உழைக்கும் இயந்திரத்தை ஓவர்டிராஃப்டில், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் ஒரு வரம்பு வரை எடுக்க வங்கி விடும் கடனில், வாங்காதீர்கள். இயந்திரம் பணத்தை மெதுவாகத் திருப்பித் தரும், வங்கியோ அந்த வரம்பை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். வாடிக்கையாளரிடம் வசூலித்த விற்பனை வரி உங்கள் பணம் இல்லை. வந்த அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நெருக்கடியில் அதைத் தொட்டவர்களுக்கு அபராதமும் வட்டியும் சேர்ந்து வரும்.

கூட்டாளி

இருவர் சேர்ந்து பாதிப் பாதி என்று தொடங்குவது சுலபம். ஓராண்டில் ஒருவர் விலகிப் போனால் உழைக்காதவர் கையில் பாதி நிறுவனம் நிற்கும். பங்கு முழுவதையும் முதல் நாளே கொடுக்காமல் நான்கு ஆண்டில் மாதாமாதம் சேரும்படி எழுதுவது வழக்கம். முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றுமில்லை. 18-ஆம் மாதம் போனால் 48-இல் 18, அதாவது அவர் பங்கில் 37.5 சதவீதம். யார் எவ்வளவு முதல் போட்டார், யாருக்குச் சம்பளம், எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்து, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு, விலகுகிறவர் பங்கை எந்த விலைக்கு வாங்குவது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டும், சண்டை வந்த பிறகு எழுதவே முடியாது.

முதல் ஆள்

சம்பளத்தோடு செலவு முடிவதில்லை. சட்டப்படியான பங்களிப்புகள், விடுமுறை, கருவி, கற்றுக்கொடுக்கும் உங்கள் நேரம் எல்லாம் அதன் மேல். முதல் மூன்று மாதம் உங்கள் வேகம் குறையும், அதிகரிக்காது. ஆறு மாதச் சம்பளம் கையில் இருக்கும்போது எடுங்கள். நீங்கள் எழுதி வைக்காத வேலையை இன்னொருவர் செய்ய முடியாது. எடுப்பதற்கு முன்பே அந்த வேலையின் படிகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

ஒரு பொருள் விற்று மிச்சம் வராத நிலையில் விரிவாக்கம் வேண்டாம். வீட்டு வாசலுக்கே மளிகை கொண்டுபோய்க் கொடுத்த வெப்வேன், முதல் ஊரில் கணக்கு நிற்கும் முன்பே பல நகரங்களில் மாபெரும் கிடங்குகளுக்குத் திட்டமிட்டு 2001 ஜூலையில் திவாலானது. ஒவ்வொரு ஆர்டரிலும் விழும் துண்டு, ஆர்டர் பெருகும்போது தானும் பெருகும்.

எங்கே நிறுத்துவது

இதைத் தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள், இறங்கிய பிறகு கை நடுங்கும். மூன்று எண்கள் போதும்: எந்தத் தேதிக்குள் எத்தனை விற்பனை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு வரை போடுவது, வங்கி இருப்பு எதற்குக் கீழே போனால் நிறுத்துவது. வீட்டில் முடிவெடுக்கும் இன்னொருவர் அந்தத் தாளில் கையெழுத்திடட்டும். எந்தெந்த சேமிப்பைத் தொடவே கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மூடவும் பணம் வேண்டும். ஊழியருக்கான அறிவிப்புக் காலச் சம்பளம், வாடகை ஒப்பந்தத்தின் மீதிக் காலம், முன்பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பித் தருவது, கணக்காளர், பதிவு ரத்துக் கட்டணம். மிஞ்சிய சரக்கை அடக்க விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள், அவசர விற்பனையில் பாதி வந்தாலே அதிகம். குறைந்தது மூன்று மாத நிலைச் செலவை இதற்கென்று ஒதுக்கி, மேலே சொன்ன இருப்பு எண்ணாக அதையே வையுங்கள்.

அந்த எண்ணைத் தொட்டதும் புதிய ஆர்டரும் முன்பணமும் வாங்குவதை நிறுத்துங்கள். செய்து தர முடியாது என்று தெரிந்தே முன்பணம் வாங்குவது பல நாடுகளில் மோசடி வழக்காகும். கணக்காளரிடமும் வழக்கறிஞரிடமும் யாருக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்த வரிசைப்படி கொடுங்கள். ஊழியர் சம்பளத்துக்கும் வரிக்கும் சட்டம் பெரும்பாலும் தனி இடம் கொடுக்கிறது. உறவினர் கடனை மட்டும் முதலில் அடைத்துவிட்டு மற்றவர்களை நிறுத்தி வைத்தால் பின்னால் அது செல்லாமல் போகலாம். சரக்கு கொடுத்தவர்களிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லி, தவணை எழுதிக் கொடுங்கள். அடுத்த தொழிலுக்கு 25 நாள் கடன் கொடுக்கப்போவது அவர்கள்தான். கணக்குப் புத்தகங்களையும் பில்களையும் உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் ஆண்டுகள் வரை எறிய வேண்டாம். நிறுவனத்தை மூடிய பிறகும் வரித் துறை கேட்கும்.